சில்லு விழாத இடம்

மார்ச் 3, செவ்வாய்

தொல்லியல் துறை இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். ‘இயற்கையாக உண்டான பள்ளம். ஆய்வுக்கு உரியது எதுவுமில்லை.’ திங்கட்கிழமை லாரி வந்து மண்ணைக் கொட்டி மூடிவிடும். அதன்மேல் பாலத்துக்குத் தூண் எழும்பும்.

இரண்டு ஆள் ஆழத்துக்குச் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, கற்காலத்தில் யாரோ சிக்கிமுக்கிக் கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். கொத்திய தடத்தை என் கையால் தடவிப் பார்த்திருக்கிறேன். இந்த மனுஷர் ஏணியில் கால்கூட வைக்கவில்லை! மூக்கைப் பொத்திக்கொண்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

“அடியில கிடக்கிற கல் சில்லெல்லாம் மழைத்தண்ணி இழுத்துட்டு வந்ததும்மா. ஒரு முழுக் கல் கோடாலி கிடைச்சுதா?”

எப்படிக் கிடைக்கும்? செய்தவன் எடுத்துக்கொண்டு போயிருப்பான். தச்சுப் பட்டறையைக் கூட்டினால் கட்டிலா கிடைக்கும், மரச்சுருள்தானே கிடைக்கும்?

மார்ச் 4, புதன்

விடமாட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

சாப்பாட்டு மேசை முழுக்கச் சில்லுகள். குவியலில் பாதியைத்தான் எடுத்து வந்தேன், கிடந்த இடத்தையெல்லாம் குறித்துக்கொண்டு. அவற்றைத் திரும்ப ஒரே கல்லாகப் பொருத்திப் பார்க்கிறேன். தண்ணீர் உருட்டி வந்திருந்தால் விளிம்பு மழுங்கியிருக்கும், ஒன்றோடொன்று சேராது.

வீட்டுக்காரர் தட்டைக் கையில் ஏந்தி, நின்றுகொண்டே சாப்பிட்டார். “வீட்டுல தட்டு உடைஞ்சா தூக்கிப் போடுற. எவனோ உடைச்ச கல்லை உட்கார்ந்து ஒட்ட வைக்கிற.” பிறகு தானே ஒரு சில்லை எடுத்து, இது இங்கே சேருமா என்று பார்த்தார். சேரவில்லை, விரலை வெட்டிக்கொண்டதுதான் மிச்சம். ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. விளிம்பு மழுங்கவே இல்லை!

“நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?” என்றார்.

மார்ச் 8, ஞாயிறு

சேர்ந்துவிட்டது! தலையளவு கல், நடுவில் மட்டும் பொந்து. அந்தப் பொந்து அச்சு அசலாகக் கோடாலி வடிவம். அழுதுவிட்டேன்.

படம் பிடித்து இயக்குநருக்கு அனுப்பினேன். “ஒரு கல்லை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. விட்டுடுங்க.”

சரி, ஒரு கல் போதாது. சில்லுகள் கிடந்த இடங்களையெல்லாம், இன்னும் அங்கேயே இருப்பவற்றையும் சேர்த்து, தாளில் புள்ளி வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு சின்ன இடம் வெறுமையாக இருக்கிறது. அங்கே மட்டும் ஏன் ஒரு சில்லுகூட விழவில்லை? ஆள் உட்கார்ந்திருந்தான், அதனால்தான்! மழைத்தண்ணீர் ஆள் உட்கார இடம் விட்டா ஓடும்?

மார்ச் 9, திங்கள்

லாரிக்கு முன்னாலேயே போய், இறங்கி, அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்துகொண்டேன். மடியில் அந்தக் கல்.

“மேல வாங்கம்மா, மண்ணு கொட்டணும்,” என்றார் லாரி ஓட்டுநர்.

“கொட்டுங்கண்ணே. நான் இங்கதான் இருப்பேன்.”

“எம் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்கம்மா!” சொன்ன வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இயக்குநர் வந்தார். “என்ன நாடகம் இது? வேலை போயிடும், தெரியும்ல?”

“போகட்டும் சார். கையெழுத்துப் போட்டது நீங்க. ஒரே ஒரு தடவை இறங்கிப் பாத்துட்டு மூடுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்.”

லாரியோடு வந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ஏணியைப் பிடித்தார்.

சொன்னபடி நான் வாய் திறக்கவில்லை. எழுந்து நகர்ந்து, இடத்தைக் காட்டினேன். கல்லிலிருந்து சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி பொருத்திக் காட்டினேன். பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கீழே குனிந்து அந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

பிறகு மேலே பார்த்து, “லாரி போகட்டும்,” என்றார்.

மார்ச் 19, வியாழன்

பள்ளத்துக்குத் தகரக் கூரை போட்டாயிற்று. தூணைத் தள்ளி வைக்கப் போகிறார்களாம்.

எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து இயக்குநர் இறங்கி வந்தார். அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். “நானும் ஒரு நிமிஷம் உட்காந்து பாக்கட்டுமாம்மா?”

“ஷூவைக் கழட்டிட்டு உட்காருங்க சார்.”

கழற்றினார்.