நீல வண்டியில் உன் பேர்

அன்பு மகள் எஸ்தருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உங்க நைனாவும் நல்லா இருக்கிறோம், அவர் முட்டி மட்டும் நல்லா இல்லை, அது எங்களோடு சேராத தனிக் கட்சி. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நோயாளிகளைத் திட்டாமல் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கென்று சிரிக்காதே, பக்கத்து வீட்டு மொஹசின் வெள்ளிக்கிழமை மஸ்கட் கிளம்புகிறான், ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் உங்க நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்பார்.

விஷயம் என்னவென்றால் வண்டியை விற்றுவிட்டோம். ஆமாம்டி, நம்ம நீல பிக்கப்தான். கிளட்ச் மிதிக்க முட்டி விடவில்லை, இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். ஆனால் வாங்க வந்தவரையெல்லாம் உங்க நைனா விரட்டிக்கொண்டே இருந்தார். கூரத்திலிருந்து வந்த கமல் டயரைச் செருப்புக் காலால் உதைத்துப் பார்த்தான், பொண்ணு பார்க்கப் போனப்பவும் இப்படித்தான் உதைச்சுப் பார்த்தியாபா என்று கேட்டு அனுப்பிவிட்டார். காரணம் எனக்குத் தெரியாதா? மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலிருந்து உன்னை அந்த வண்டியில்தான் கூட்டிவரணும், பெட்டியெல்லாம் பின்னாடி, நீ நடுவில், நான் ஜன்னலோரம், அதுதான் அவர் ஆசை. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் லீவு இல்லை என்று நீ சொன்னாயே, மறுநாளே அவராகப் போய் சின்ன காஞ்சிபுரத்து ஜான் பாஷாவைக் கூட்டிவந்தார். கோபமெல்லாம் இல்லைடி, நர்ஸ் வேலை எப்படிப்பட்டது என்று எங்களுக்கும் தெரியும்.

ஜான் பாஷா பாய்தான் மரச்சாமான் ஏற்றுவதற்கு வாங்கினார். என்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இன்னாபா தேவசகாயம், வண்டியை ஓட்டினியா இல்ல தொட்டில்ல போட்டு ஆட்டினியா என்றார். என் தலைக்கு எண்ணெய் வாங்க மறந்தாலும் அதுக்கு ஆயில் மாத்த மறந்ததே இல்ல பாய் என்று நானும் சொன்னேன். பாய் தன் மகள் கௌசர் பேரை ஒட்டணும் என்றதால் பின்கதவிலிருந்த உன் பேர் ஸ்டிக்கரை உங்க நைனா மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு ஒரு காலை முழுக்கச் சுரண்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்டிக்கர் வந்துவிட்டது, பேர் போகவில்லை! சுற்றிலும் வெயிலில் வெளுத்துப்போய், ஸ்டிக்கருக்கு அடியிலிருந்த நீலம் மட்டும் புதுசாக, எஸ்தர் என்று முன்னைவிடப் பளிச்சென்று தெரிகிறது. பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்று உங்க நைனா சொன்னார். பாய் அந்தப் பேரைக் கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தார். இருக்கட்டும்பா, கௌசர் பேரை முன்னாடி ஒட்டிக்கிறேன், எஸ்தர் பின்னாடியே வரட்டும், பாப்பா வர்ற அன்னிக்கு நானே வண்டியை எடுத்துக்கினு ஏர்போர்ட்டுக்கு வர்றேன் என்றார்.

இப்போது வாசல் காலியாக இருக்குது. துணி காயப்போட வசதியாச்சு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், ஆனால் இன்னும் கொடி கட்டவில்லை. நேற்று ஐயம்பேட்டை போக ரோட்டில் நின்றிருந்தேன், பீரோ ஏற்றிக்கொண்டு வண்டி போனது. உன் பேர் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தேன், வந்த ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டேன்.

ஊறுகாயை ஒரே வாரத்தில் காலி பண்ணாதே. போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்கூடவே இருக்கட்டும், வரும்போது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். லீவு கிடைத்ததும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடு, எனக்காக இல்லைடி, பாய் அன்றைக்கு லோடு பிடிக்காமல் இருக்கணும்.

உனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுக்கவும் சம்மதித்துவிட்ட,
உன் அம்மா
சம்பூர்ணம்