கொட்டிய இடத்தின் வாசனை

பேராதனை
11.02.2024

அன்பு ராணிக்கு,

தோட்டத்து லய வீடுகளில் போன் சிக்னல் எடுக்காது என்பதால் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அது என் மனக்குறை.

நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுகூடத்தில் இப்போது குளவி ஆராய்ச்சி. ஒரு குளவி கொட்டினால் அந்த இடத்தில் ஒரு வாசனை ஒட்டிக்கொள்ளுமாம். மற்றவை அதை முகர்ந்ததும் அங்கேயே வந்து கொட்டும். "வாசனை வெறும் வாசனைதான், அஜந்தன். அதைக் கேட்டு ஓடிவர இன்னொரு குளவி இருந்தாத்தான் அது செய்தி" என்றார் ஆராய்ச்சி செய்யும் தனுஜா மிஸ்.

ஐந்தாம் நம்பர் தேயிலை மலையில் பெரிய கூடு இருப்பதாக, போன தடவை வந்தபோது அம்மா சொன்னார். யாரையாவது கொட்டினால் கிட்டப் போகாதே. அடிக்காதே. விலகி ஓடிவிடு. அம்மாவிடமும் சொல்.

உன் அஜந்தன்

தெல்தோட்டை
24.03.2024

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தையின் பதினாறாம் நாள் முடிந்து நீங்கள் பஸ் ஏறும்வரை இதைச் சொல்ல நினைத்தேன். வீடு நிறைய ஆட்கள். எழுத்தில்தான் வருகிறது.

அன்று மலையில் கொழுந்து பறிக்கும்போது காற்றில் கிளை முறிந்து கூடு விழுந்தது. அத்தை எனக்கு மூன்று தேயிலை நிரை மேலே நின்றார். முதல் குளவி கழுத்தில் கொட்டியது. அத்தை அதைக் கையால் நசுக்கினார். ஒரு நிமிடத்தில் தலை முழுக்கக் குளவி. முடிக்குள், காதுக்குள், வாய்க்குள். கொழுந்துக் கூடையோடு விழுந்து தேயிலைத் தூரில் முகத்தைத் தேய்த்தார். கன்னம் கிழிந்து ரத்தம் வந்தது. அப்போதும் விடவில்லை.

"ராணி, வா புள்ள, ராணி" என்று கூப்பிட்டார்.

நீங்கள் எழுதியபடி விலகி ஓடினேன். ரோட்டில் நின்று பார்த்தேன். அழகையா கங்காணிதான் காய்ந்த புல்லைக் கொளுத்திக்கொண்டு உள்ளே போய் இழுத்து வந்தார். அவருக்கும் அறுபது கொட்டு, உயிரோடு இருக்கிறார். அத்தைக்குக் கண் எங்கே இருக்கிறதென்று தெரியாதபடி முகம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியில், என் மடியில் மூச்சு நின்றது.

குளவிக்கு என்ன தெரியும்? ஒன்று கூப்பிட்டதும் அத்தனையும் வந்தன. அத்தை கூப்பிட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது, மச்சான். புரிந்தும் நின்றேன்.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

ஜெயராணி

பிலிமத்தலாவை
09.04.2024

ராணிக்கு,

மிஸ்ஸிடம் கேட்டேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அவிழ்த்து, உடனே தலையோடு மூடி இழுத்திருந்தால் அம்மா பிழைத்திருக்கலாம் என்றார். முன்பே இதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பாதி கேட்டதை முழுதாக எழுதி அனுப்பியவன் நான். உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. உன் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

ஆய்வுகூடத்தில் வளர்த்த குளவிக் கூட்டைப் பெட்டியோடு நெருப்பில் போட்டேன். உள்ளே அவை வெடிக்கும் சத்தம் அடங்கும்வரை நின்றேன். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். இங்கே ஒரு கடையில் மூட்டை இறக்குகிறேன்.

ஒன்றே ஒன்று. அம்மா என் பேரைச் சொன்னாரா? அதை எழுது. வீட்டுக்கு வருவதைப் பிறகு யோசிக்கிறேன்.

அஜந்தன்

தெல்தோட்டை
17.04.2024

மச்சானுக்கு,

பொய் எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். முடியவில்லை.

உங்கள் பேரைச் சொல்லவில்லை. லொறியிலும் என் பேர்தான்.

ஜெயராணி