நிரல் கேட்காமல் எடுத்தது

ஜூன் 12, திமிஷோரா
இன்று முதல் நிரல் யாரையும் கேட்காது. எங்கள் தரவு மையத்துச் சர்வர்களுக்குள் வாடிக்கையாளர்களின் மெய்நிகர் கணினிகள் நூற்றுக்கணக்கில் ஓடுகின்றன. எதற்கு எவ்வளவு நினைவகம் என்பதை இதுவரை பக்கத்து மேசை ஒக்டாவ் பார்த்து ஒப்புதல் கொடுத்துவந்தான். இனி நான் எழுதிய நிரலே கொடுக்கும். சும்மா கிடப்பவற்றிடமிருந்து எடுத்துக்கொள்ளும். மேலாளர் வோயிகு எல்லோருக்கும் எள்ளு வளையரொட்டி வாங்கி வந்தார். “தாயே, உன் பிள்ளை என் சோத்துல கை வச்சிருச்சு” என்றான் ஒக்டாவ். நான் சிரித்தேன். அவன் சிரித்தானா?

ஜூன் 17
ஒரு வரிசை சர்வர்களையே அணைத்துவிட்டோம். அத்தனை மிச்சம்! புக்கரெஸ்ட் தலைமையகத்தில் எனக்குப் பதவியாம்.

ஜூன் 20
ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மாற்றுக் கணினியை நிரல் கால்வாசியாகச் சுருக்கியிருக்கிறது. ஒக்டாவ்தான் கண்டுபிடித்தான். “சும்மா இருக்கறதுதான்டி அதோட வேலையே. முதல் கணினி விழுந்தா இதுதானே எழுந்திரிக்கணும்?”
அந்தக் கணினியை நிரல் தொடாதபடி விலக்கு கேட்டு வோயிகுவிடம் போனேன்.
“ஆளாளுக்கு விலக்கு கொடுத்தா தானியங்கின்னு எதுக்கும்மா பேரு? தேவைப்பட்டா அதுவே திருப்பிக் கொடுக்கும்.”
கொடுக்கும். இடம் இருந்தால்.

ஜூன் 24
மதியம் புயல். எங்கள் இரண்டு சர்வர் கூடங்களில் ஒன்றில் மின்சாரம் போயிற்று. அங்கே ஓடியவை எல்லாம் மறு கூடத்தில் ஒரே நேரத்தில் இடம் கேட்டன. நிரல் வந்த வரிசைப்படி கொடுத்தது, ஒரு செருப்புக் கடைக்குக்கூட. ஆம்புலன்ஸ் பின்னால் நின்றது. அந்த மையத்துப் பெண் போனில் கத்தினாள்: “திரை அசையவே மாட்டேங்குதுங்க! லைன்ல ஒருத்தர் மூச்சு விட முடியாம தவிக்கிறாரு!”
நிரலை நிறுத்தினேன். ஒக்டாவ் செருப்புக் கடையின் கணினியைத் தானே நிறுத்தினான். அடுத்ததையும். ஆம்புலன்ஸ் கணினிக்கு இடம் கிடைத்தது, திரை அசைந்தது.
அந்த ஆளுக்கு என்ன ஆச்சு? யாரைக் கேக்கறது?

ஜூன் 25
பிழைத்துவிட்டார். குளவி கொட்டியதாம். அந்தப் பெண் விலாசத்தைத் தாளில் எழுதி, ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள்.

ஜூன் 26
நாளை விசாரணை. வோயிகு கதவைச் சாத்தினார். “அந்தக் கணினிக்குக் கடைசியா ஒப்புதல் கொடுத்தது ஒக்டாவ். பழி அவன்மேலயே போகட்டும். நிரலைப் பத்தி நீ வாயைத் திறக்காதே. புக்கரெஸ்ட் ஞாபகம் இருக்கட்டும்.”
என்ன மனுஷன்! அதுக்குத் தலையாட்டிட்டு வந்தேனே — நான் என்ன மனுஷி?

ஜூன் 27
சொல்லிவிட்டேன். நிரல் என்னுடையது, எச்சரித்தவன் ஒக்டாவ், விலக்கு மறுத்தவர் வோயிகு. முழுவதையும் சொன்னேன்.

ஜூலை 3
புக்கரெஸ்ட் இல்லை.

ஜூலை 21
நிரல் மறுபடியும் ஓடுகிறது. ஆனால் எடுக்குமுன் கேட்கிறது. ஒக்டாவும் நானும் பதில் சொல்கிறோம். இன்று ஒரு பள்ளியின் கணினியைக் காட்டி, எடுக்கவா என்றது. பள்ளிக்குப் போன் செய்தேன்.
“லீவுதானே, எடுத்துக்கோங்க. செப்டம்பர்ல கொடுத்துடுங்க” என்றார் தலைமையாசிரியை.
சம்மதம் என்று அழுத்தப் போனேன். பக்கத்து மேசையிலிருந்து ஒக்டாவ், தலையைத் தூக்காமலே, “திருப்பித் தர்ற தேதியையும் போடு” என்றான்.
போட்டேன்.