பதினைந்தாவது பெயர்

அன்புத் தங்கை மிளகுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். நீ நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக உன் இடது முழங்கால் இந்தத் தொடர் முடியும்வரை சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும்.

விசா தாமதமாகி, நாளைதான் புறப்பட்டு உங்களோடு சேரப்போகும் அணி டாக்டரம்மாவின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசக்கூடாதா என்று கேட்பாய். நீ மூன்று முறை கூப்பிட்டாய், மூன்று முறையும் நான் எடுக்கவில்லை. இப்போது நானே கூப்பிட்டால் முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவேன். உனக்கோ யாரையும் பேசவிட்டுப் பழக்கமில்லை. கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால்தான்.

நான் மறுபடி பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். விண்ணப்பத்தில் ஒட்டிய போட்டோவில் இரண்டு காதும் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் இப்போதைக்கு என் வேலை. போன வாரம் ஒரு பெரியவர் என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, “கிரிக்கெட் டீம் கேப்டன் மாதிரியே இருக்கீங்களேம்மா” என்றார். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்று சொல்லி முத்திரை குத்தி அனுப்பினேன். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

மிளகு, தலைவர் அறையில் என்ன நடந்தது என்று நான் உனக்குச் சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறேன். பட்டியல் முடிவாகும் முன் வாரியத் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாம் ஜெயித்த கோப்பைகள் எல்லாம் அவர் நாற்காலிக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன, அவரே ஆடி ஜெயித்ததுபோல. தேர்வுக்குழு கொடுத்த பதினைந்து பெயரில் நம் டீச்சரின் பெயர்மேல் சிவப்பு மையில் கோடு. நம் அணியில் சுழற்பந்து என்றால் அவள்தான் என்பது அவருக்கும் தெரியும். போன பயணத்தில் நம்மோடு டாக்டர் இல்லாமல், விரல் உடைந்த பெண் ஆறு மணி நேரம் வலியில் துடித்தாளே, அதை டீச்சர் வாரியத்துக்கு எழுதினாள். அந்தக் கடிதம்தான் அவள் செய்த குற்றம். “பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறதோட நிறுத்திக்கச் சொல்லுங்க, எங்களுக்கு நடத்த வேண்டாம்” என்றார்.

டீச்சர் இல்லாமல் நான் அணியை அழைத்துப் போக மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவே இல்லை. “ரொம்ப நல்லதும்மா, உங்களுக்கும் களைப்பா இருக்கும்” என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டாம் நாள் அத்தானின் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்தேன். எனக்கு ஓய்வாம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் லீவு கேட்டாலே மூன்று கையெழுத்து வேண்டும். கேட்காத ஓய்வை இவர்கள் ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வரியிலேயே புதிய கேப்டன் நீ என்றார்கள். பட்டியலைப் படித்தார்கள். டீச்சரின் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை.

அன்றைக்கு நான் உன்னைப் பற்றி நினைத்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒன்பது வருடம் பயணங்களில் ஒரே அறையில் படுத்தவள், கூடவே இருந்து குழி பறித்துவிட்டாள் என்று அத்தானிடம் சொன்னேன். டீச்சர் விஷயத்தில் தலைவர் தானாகவே மனம் மாறியிருப்பார், நீ நைசாக நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய் என்று நினைத்தேன். அத்தான் லென்ஸைத் துடைத்துக்கொண்டே, “குழி பறிச்சவ எதுக்கு மூணு தடவ போன் பண்றா?” என்று கேட்டார். அதற்காக அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

போன சனிக்கிழமை தேர்வுக்குழுத் தலைவி கடைக்கு வந்தார். நாம் கீப்பரம்மா என்று கூப்பிடுவோமே, அவர்தான். படிக்கக் கண்ணாடி வேண்டுமென்று வந்தார். எழுத்துப் பலகையில் நான்காவது வரியைப் படித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, “உன்கிட்ட அவ சொல்லலையா?” என்று கேட்டார். பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

தலைவர் உன்னைக் கூப்பிட்டுக் கேப்டன் பதவியை நீட்டியபோது, ஏழு பேர் கையெழுத்துப் போட்ட தாளை நீ மேசைமேல் வைத்தாயாம். குழு கொடுத்த பட்டியல் அப்படியே இருக்க வேண்டும், அணியோடு டாக்டர் வர வேண்டும், இல்லையென்றால் எட்டுப் பேரும் விமானம் ஏற மாட்டோம் என்றாயாம். அவர் டாக்டருக்குத் தலையாட்டிவிட்டு, டீச்சரின் இடத்துக்கு ஏற்கெனவே பார்த்துவைத்திருந்த ஒருத்தியையும் சேர்த்துப் பதினான்கு பெயரை மட்டும் எழுதி, பதினைந்தாவது இடத்தை வெறுமையாக விட்டு உன் பக்கம் தள்ளினாராம். “ரெண்டு பேரும் கிடையாது. உங்க அக்காவா, டீச்சரா, நீங்களே எழுதுங்க.”

“அவ பேனாவைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா” என்றார் கீப்பரம்மா. “அப்புறம் டீச்சர் பேரை எழுதினா. வெளியே வந்து மாடிப்படியில உட்கார்ந்து, சின்னப் புள்ள மாதிரி அழுதா. நான் பக்கத்துல போனா, ‘அக்காகிட்ட நானேதான் சொல்லணும், நீங்க சொல்லாதீங்க’ன்னா.”

நீ சொல்லத்தான் கூப்பிட்டாய். நான்தான் எடுக்கவில்லை.

என் கண்ணே, உனக்கு நன்றி. இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். டீச்சருக்காக நான் பேசிய பேச்சை, என்னை விட்டுவிட்டு நீ காப்பாற்றினாய். அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் டீச்சரின் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் உன்னை வெளியே நிறுத்திவிட்டு அதை எழுத என் கை வந்திருக்குமா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன இரண்டு தொடரிலும் வேகப்பந்து வந்தால் என் மட்டை கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கியது. உனக்கும் தெரியும், எதிர் முனையில் நின்று பார்த்தவள் நீதானே. ஒரு நாளும் வாயைத் திறக்கவில்லை. தலைவர் என்னை நீக்கியது தப்பான காரணத்துக்கு. அவர் அவசரப்படாமல் இருந்திருந்தால் சரியான காரணமும் சீக்கிரமே வந்து நின்றிருக்கும்.

முதல் ஆட்டத்தை அலுவலகத்தில் போனில் பார்த்தேன். கடைசி ஓவரில் அவர்களுக்கு ஏழு ரன் தேவை. நானாக இருந்தால் வேகப்பந்துக்காரியிடம் கொடுத்திருப்பேன். நீ டீச்சரைக் கூப்பிட்டாய். ஐயோ, இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று மனசுக்குள் கத்தினேன். அவள் ஒரு ரன்தான் கொடுத்தாள், அதோடு இரண்டு விக்கெட்டும் எடுத்தாள். நான் எழுந்து கை தட்டிவிட்டேன். கவுண்டருக்கு வெளியே நின்ற ஆள், தன் விண்ணப்பம் தேறிவிட்டது என்று நினைத்து எனக்குக் கும்பிடு போட்டார். அவருடைய ஒரு காது தெரியவே இல்லை. அன்றைக்கு விட்டுவிட்டேன்.

தொடர் முடிந்ததும் கேப்டன் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அந்த வேலையை மட்டும் செய்யாதே. எனக்காக என்று செய்யவே செய்யாதே. விளையாட்டிலிருந்து விலகுவதாக நேற்று வாரியத்துக்கு எழுதி அனுப்பிவிட்டேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. தபாலில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், பசிதான் வந்தது. தேர்வுக்குழுவில் அடுத்த வருடம் ஓர் இடம் காலியாகுமாம். விண்ணப்பம் போடு என்கிறார் கீப்பரம்மா. போடத்தான் போகிறேன். அந்த மேசையில் சிவப்புப் பேனாவோடு ஒருவர் உட்கார்ந்திருந்தால், எதிரே உட்கார ஒருவர் வேண்டாமா? நீ ரன் எடுக்காவிட்டால் உன் பெயரையும் அடிப்பேன், பார்த்துக்கொள்.

டீச்சருக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம். தெரிந்தால் பந்து போடும்போது கை கனக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆட்டம். போன ஆட்டத்தில் டாஸ் போடும்போது உன்னைப் பார்த்தேன். அடுத்தவர் பொருளைக் கையில் வைத்திருப்பவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். பேட்டி எடுத்தவர் கேள்வி கேட்டபோதும் புல்லைப் பார்த்தே பதில் சொன்னாய். இந்த முறை அப்படி நிற்காதே, அம்மா. நாணயம் மேலே போகும்போது அண்ணாந்து பார். தோற்றாலும் பரவாயில்லை, முகம் தெரிய வேண்டும். கடையில் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நெடுங்காலம் எங்கள் கேப்டனாக இருக்க வேண்டும்.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அக்கா