அப்பா குடித்த வெறும் டீ

கண்டாவு தீவு,
ஞாயிறு, ஆராதனை முடிந்து

அன்பு மகள் வாசிதிக்கு,

இங்கே எல்லாரும் சுகம், பிரிஸ்பேனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறோம். எல்லாரும் என்றால் உன் அப்பாவும் சேர்த்திதான், போன வாரம் மட்டும் கொஞ்ச நேரம் சேர்த்தியில்லாமல் போய்விட்டார். பயப்படாதே, இப்போது முற்றத்தில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறார். போனில் சொன்னால் நீ பாதியில் புகுந்து எனக்கே வகுப்பு எடுப்பாய், அதனால்தான் கடிதம்.

நீ பயிற்சி கொடுத்து அனுப்பிய உன் மாணவி பிரிட்ஜெட் தங்கமான பெண், நம் மொழியை உன்னிடம் கற்றதால் உன்னைப் போலவே மூக்கால் பேசுகிறாள். ஊரில் யாருக்கு ஏன் சர்க்கரை ஏறுகிறது என்ற உன் ஆராய்ச்சிக்காக வீடு வீடாகப் போய், நீ சொல்லிக்கொடுத்தபடியே, காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள். உன் அப்பா நெஞ்சில் கை வைத்து, நான் எங்கம்மா சாப்பிடுறேன், காலையில வெறும் டீதான், அதுலயும் சர்க்கரை போடுறதில்ல என்றார். மனிதர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை, நான் பக்கத்தில்தான் இருந்தேன். இவ்வளவு பத்தியமாக இருந்தும் சர்க்கரை இறங்கவில்லையே என்று அவள் ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல, டாக்டர் மாத்திரையைக் கூட்டிவிட்டார்.

போன வாரம் சுவாவிலிருந்து சரக்குக் கப்பல் வரவில்லை, கடையில் ரொட்டியும் இல்லை, பபகாவ் பொரிக்க மாவும் இல்லை. உன் அப்பா மாத்திரையைப் போட்டு டீயைக் குடித்துவிட்டுக் கோயில் பாட்டுப் பயிற்சிக்குப் போனார். நடுப்பாட்டில் தலையைக் கவிழ்த்தார், ஜெபம் பண்ணுகிறார் என்று பாதிரியார் ஆமென் கூடச் சொல்லிவிட்டார். பிரிட்ஜெட்தான் அவர் சட்டை வியர்வையில் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஓடிவந்து சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். அவர் கண் திறந்ததும் அவள், தினமும் குடிக்கிற டீதானே இன்னைக்கும் குடிச்சீங்க என்று அழாத குறையாகக் கேட்டாள். அதற்கு அவர், நேத்து வரைக்கும் டீயில ரொட்டி இருந்துச்சும்மா, வெண்ணெய் இருந்துச்சு, பபகாவ் நாலு இருந்துச்சு, இன்னைக்கு டீயில ஒண்ணுமே இல்லயே என்றார். அந்தப் பெண் பாயில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள்.

மாத்திரையை டாக்டர் பழையபடி குறைத்துவிட்டார், பபகாவை பிரிட்ஜெட் ஒன்றாகக் குறைத்துவிட்டாள், முதலாவதற்கு நன்றி சொன்னவர் இரண்டாவதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இப்போது அவள் மறுபடி வீடு வீடாகப் போய், உங்க டீயில என்னென்ன இருக்கு என்று கேட்கிறாள். ஒரு வீட்டு டீயில் பன்னும் ஜாமும், இன்னொரு வீட்டு டீயில் பொரித்த மரவள்ளி, பாதிரியார் வீட்டு டீயில் கல்யாணக் கேக். வாசிதி டீச்சர் திட்டுவாங்களோ என்று பயப்படுகிறாள். திட்டினால் நான் உன்னைத் திட்டுவேன். பொரித்த மாவின் வாசனையோடு, தட்டில் இருப்பதையும் சேர்த்தே டீ என்று சொல்லி வளர்ந்தவள் நீ, கேள்வியைத் தயார் பண்ணும்போது அது எங்கே போனது? உன்னிடம் படித்துவிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போகிற பிள்ளைகளுக்கு இதையும் சொல்லிக்கொடு.

இன்னொன்று. உங்கள் பிரிஸ்பேனில் டீ என்றால் எப்படி என்று பிரிட்ஜெட்டைக் கேட்டேன். கோப்பையில் தண்ணீரும் இலையும், வேறொன்றும் இருக்காது என்றாள். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீ தினமும் காலையில் போனில், டீ குடிச்சிட்டேம்மா, வகுப்புக்கு நேரமாச்சு என்கிறாய், நானும் பிள்ளை வயிறு நிறைந்தது என்று இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார். மறக்காமல் பதில் போடு. ஆராய்ச்சியைப் பற்றிப் பிறகு எழுதலாம், உன் டீயில் என்ன இருக்கிறது என்று முதலில் எழுது.

உன் அம்மா,
நனீசே