ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன்

அன்புத் தம்பி சேவியருக்கு,

உன் பிரேதப் பரிசோதனை அறிக்கை நேற்றுக் கிடைத்தது. மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டு நானே வாங்கினேன், நானே படித்தேன். இதயம் நின்றிருக்கிறது. இரத்தத்தில் சியாபு என்கிற ஐஸ் போதைப்பொருள் இருந்திருக்கிறது. நாற்பத்தொரு வயதில் இதயம் இவ்வளவு வீங்கியிருக்கக் கூடாது என்றார் டாக்டர். "எத்தனை வருஷமா எடுத்தாரு?" என்று கேட்டார். ஊரையெல்லாம் கேள்வி கேட்கிற நான், உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் நீ இறந்த அன்று பகல் பதினோரு மணிக்கு லோரி வரிசை நகர்ந்தது. உன் லோரி மட்டும் நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் வெகுநேரம் ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

முப்பது வருடமாகக் குற்றச் செய்தி எழுதுகிறேன். சியாபு பிடிபடும் போதெல்லாம் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி போடுவோம். தூக்கம் போகும், பசி போகும், உடம்பு இளைக்கும், பேச்சு நிற்காது, தாடை அரைத்துக்கொண்டே இருக்கும், எதற்கெடுத்தாலும் சந்தேகம் வரும், பிறகு இரண்டு நாள் அடித்துப் போட்டதுபோல் தூக்கம். எழுதியவன் நான்தான். ஒவ்வொரு முறையும் அதையே எடுத்துப் போட்டோம்.

அத்தனையும் ஞாயிறு பூசை முடிந்து, பிரிக்பீல்ட்ஸ் வீட்டில், என் எதிரில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. எனக்கு ஏன் தெரியவில்லை? பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன், தம்பி.

சோற்றைக் குறைத்தும் எனக்குக் குறையாத தொப்பை உனக்கு ஆறே மாதத்தில் காணாமல் போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் இரண்டு ஷிப்ட் முடித்து நேராக வந்து, ஒரே நாளில் வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்தாய்.

"இவன்தான்லா பிள்ள," என்றார் அம்மா. "மூத்தவன் பேனாவத் தூக்கினாலே மூச்சு வாங்குறான்."

"அண்ணனுக்கு மூளை வேலம்மா. மூளைக்கு ஏணி ஏறத் தெரியாது," என்றாய் மேலிருந்து.

அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். உன் கால்கள் நடுங்கின. இவனுக்கும் களைக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

டாக்டரின் கேள்வியை எடுத்துக்கொண்டு, நேற்றே சாலாக் செலாத்தான் போனேன். உன்னோடு லோரி ஓட்டிய மணியத்தைப் பார்த்தேன்.

"மூணு வருஷம்ணே. தூங்காம ஓட்டத்தான் ஆரம்பிச்சோம். அப்புறம் அது இல்லாம லோரியில ஏறவே முடியல."

இரண்டு முறை விட்டுப் பார்த்தாயாம். படுக்கையை விட்டு எழ முடியாமல், எதிலும் மனம் ஒட்டாமல், மறுபடி தொட்டாயாம். நெஞ்சு படபடக்கிறது என்று அவன் தோளில் சாய்ந்து அழுதாயாம். என் தோள் ஏன் ஆகவில்லை? அவன் சொல்லச் சொல்ல, செத்துப்போன தம்பிக்காக அழாமல், அந்தத் தோளைப் பார்த்து வயிறெரிந்தேன்.

"என்கிட்ட சொல்லச் சொல்லி நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேண்ணே. 'அண்ணன் பேப்பர்ல போட்டுருவாருடா'ன்னு சிரிச்சான்."

பேசும்போது மணியத்தின் தாடை அரைத்துக்கொண்டே இருந்தது. இந்த முறை பார்த்தேன்.

"கடைசியா எப்ப தூங்கின?"

"முந்தாநேத்தோ என்னமோண்ணே."

அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் போட்டேன். இதையெல்லாம் பேப்பரில் எழுதட்டுமா என்று அவனிடமும் கேட்டேன். பெயர் வேண்டாம் என்றான். மணியம் அவன் உண்மைப் பெயர் இல்லை. உன் பெயரைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். நீ பெயிண்ட் அடித்த சுவரைத் தடவிப் பார்த்தார். "போடு. உன் பேரையும் சேர்த்துப் போடு," என்றார்.

வரும் செவ்வாய் காலை எட்டரைக்குப் போதை சிகிச்சைப் பிரிவில் மணியத்தைப் பார்க்கிறார்கள். வரேன் என்றிருக்கிறான். வருவானா என்பது அன்றைக்குத்தான் தெரியும். ஏழு மணிக்கே அவன் வீட்டு வாசலில் நிற்பேன். குறிப்பேடு கொண்டுபோக மாட்டேன். உன்னைப் போலவே அவனும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறான். இந்த முறை கால் நடுங்கினால் இறங்கச் சொல்வேன்.

நீ பயந்தபடியே பேப்பரில் போட்டுவிட்ட
உன் அண்ணன்,
பிரான்சிஸ்