அக்காவின் ஸ்மாஷ்

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று என் தலையில் 'ஸ்மாஷ்' வந்து விழுந்தது. எங்கள் ஆங்கில-தமிழ் அகராதியின் புதிய பதிப்பில் எஸ் எழுத்தில் பாதி என் பொறுப்பு. பழைய பதிப்பில் இந்தச் சொல்லுக்கு ஒரே வரி: 'உடை, நொறுக்கு'. அப்படியே விட்டுவிடலாம் என்றிருந்தேன். அரைப்புள்ளி விடுவாரா? (எங்கள் ஆசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர். இரண்டு பொருளுக்கு நடுவே அரைப்புள்ளி போடாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.)

"கண்ணாடி உடையறதும் இதே சொல்தான், கார் மரத்துல மோதறதும் இதே சொல்தான், படம் நூறு நாள் ஓடறதும் இதே சொல்தான். எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டினா எப்படிம்மா?" என்றார். நியாயம்தான்.

மதியம் உட்கார்ந்து பிரித்தேன். சுக்குநூறாக உடைத்தல். வேகமாக மோதி நொறுங்குதல். பூச்சி முதலியவற்றை அடித்து நசுக்குதல். சாதனையை முறியடித்தல். படம், பாட்டு சக்கைப்போடு போடுதல். சக்கைப்போடு கிடைத்ததும் எனக்கே ஒரு சின்னக் குஷி. கடைசியில் விளையாட்டு: 'மேலிருந்து கீழ்நோக்கி ஓங்கி அடித்தல்'.

எழுதிவிட்டுப் பார்த்தேன். இது இல்லை. இது அதுவே இல்லை.

பிப்ரவரி 8, வியாழன்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிய பொருளை, ஆங்கிலச் சொல்லைச் சொல்லாமல், வெளியாள் ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கேட்டவர் எதைச் சொல்கிறோம் என்று கண்டுபிடித்தால் பொருள் தேறியது. ஆளுக்கொரு வெளியாள் வைத்திருக்கிறோம். எனக்கு அக்கா.

அவள் தன் பார்லரில் இருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ முடி வெட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. வாசித்தேன்.

"மேலேர்ந்து கீழ ஓங்கி அடிக்கறதா? துணி துவைக்கறதா?"

வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த பெண் சிரிப்பது இங்கே கேட்டது.

"ஸ்மாஷ்க்கா."

"அடிப்பாவி! நீ என்கூடத்தானே ஆடின? தூங்கிட்டே ஆடினியா?"

ஆடினேனே! அப்பாவின் தொழிற்சாலையில் மன்றக் கூடம் ஒன்று இருந்தது. கோடுகள் பாதி அழிந்த தரை, ஒரு பக்கம் மட்டும் எரியும் விளக்கு, இறகுப்பந்து டப்பாவைத் திறந்தால் வரும் வாத்து வாசனை. ஓங்குதாங்காக வளர்ந்த அக்கா பின்னால், குள்ளக்கத்திரிக்காய் நான் வலைக்கு முன்னால். "நீ முன்னால நில்லு, பின்னால எது வந்தாலும் எனக்கு" என்பாள். நான் திரும்பியே பார்த்ததில்லை. முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு, பிறகு 'டப்'. என் தலைக்கு மேல் காற்று கிழியும். எதிரே கணக்குப் பிரிவு மாமாக்கள் இரண்டு பேர் மீசையோடு விழிப்பார்கள். அவ்வளவு சந்தோஷம் பிறகு எதிலுமே வரவில்லை எனக்கு.

அந்த 'டப்'பை எப்படி எழுதுவது?

பிப்ரவரி 11, ஞாயிறு

அக்கா விழுந்துட்டா. பார்லர்ல, ஷாம்பூ சிந்தின தரையில. வலது தோள். ஐயோ, வலதுதான். எழுத வரல.

பிப்ரவரி 12, திங்கள்

டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக்காட்டி, "மேல்கை எலும்பு சுக்குநூறாயிருக்கு" என்றார். எனக்கு என்ன கேடோ, "கண்ணாடின்னாதான் டாக்டர் சுக்குநூறு. எலும்புக்கு நொறுங்கறதுன்னு சொல்லணும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவ்வளவு வலியிலும் அக்கா சிரித்துவிட்டாள். "இவளை வெளில அனுப்புங்க டாக்டர், உங்களுக்கும் அரைப்புள்ளி போட்டுடுவா."

வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

மார்ச் 3, ஞாயிறு

ஆபரேஷன் முடிந்து, கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு அக்கா என் வீட்டில் இருக்கிறாள். தனிக்கட்டையாக இருந்து பழகிய எனக்குக் காலையில் எழுந்ததும் திட்டு வாங்க ஓர் ஆள் கிடைத்திருக்கிறது. காபியில் சர்க்கரை போதவில்லை, தலை வாரத் தெரியவில்லை, ஜன்னலை ஏன் சாத்தினாய். சின்ன வயதில் ஒரே அறையில் படுத்த ஞாபகம். அப்போதும் ஜன்னல் சண்டைதான்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் வெளிநாட்டிலிருந்து அவள் மகன் பேசினான். "சித்தி, அம்மா கை சரியாகலேன்னா பார்லரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாங்க? கடையைக் குடுத்துட்டு என்கூட வந்துடட்டும்." நல்ல பிள்ளை. தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அதனால்தான் கோபம் வந்தது.

ஏப்ரல் 5, வெள்ளி

தூளி போன பிறகு கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் பிசியோ வருகிறாள். இருபத்தைந்து வயதிருக்கும், அதட்டல் அறுபது வயதுக்கு. கூடத்துச் சுவரில் விரல்களால் மேலே ஏற வேண்டும். ஏறிய இடத்தில் நான் பென்சிலால் கோடு போட வேண்டும். முதல் கோடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 20, சனி

கோடு நெஞ்சைத் தாண்டி விறுவிறுவென்று ஏறியது. எனக்குச் சந்தேகம் வந்து கீழே பார்த்தேன். குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்!

"அக்கா, இது அழுகுணி ஆட்டம்."

"கோட்டைப் போடுடி. அம்பயர் மாதிரி பேசாத."

மூன்று கோடுகளை அழித்தேன். உண்மையான கோடு ஸ்விட்ச் உயரத்திலேயே நிற்கிறது. பிசியோவிடம் தனியாகக் கேட்டேன். "எலும்பு நல்லா கூடிடுச்சுங்க. கை போகும். அவங்கதான் விட மாட்டேங்கறாங்க. பயம்" என்றாள்.

அக்காவுக்குப் பயமா? எங்க அக்காவுக்கா?

மே 9, வியாழன்

பத்து நாளாக அவள் சுவர்ப்பக்கமே போகவில்லை. மகன் அடுத்த மாதத்துக்கு டிக்கெட் பார்க்கிறானாம். அவள் 'சரி' என்று சொல்லிவிட்டாளாம்! என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

"கத்தரியைத் தோள் உயரத்துக்குத் தூக்க முடியலேன்னா நான் எதுக்குடி கடை வாசல்ல உக்காரணும்? காட்சிப் பொருளா?" என்றாள். அதட்டாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

அலுவலகத்தில் அரைப்புள்ளி கேட்கிறார், "ஸ்மாஷ் என்னாச்சும்மா? அக்கா பாஸ் பண்ணிட்டாங்களா?" எந்த முகத்தோடு அவளிடம் வாசிப்பது? மழுப்பிவிட்டு வந்தேன்.

அவள் போக வேண்டாம். எழுதியே விடுகிறேன். அவள் போகவே கூடாது. பின்னால் அவள் இல்லாமல் நான் எங்கே நின்றிருக்கிறேன்?

மே 19, ஞாயிறு

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. முதலிலிருந்து எழுதுகிறேன்.

சாயங்காலம் மழை. மழை வந்தாலே சாக்கடையிலிருந்து அதுகள் கிளம்பும். கூடத்தில் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள், இடது கையாலேயே. ஜன்னல் வழியாக ஒரு கரப்பான் உள்ளே வந்தது. சும்மா வரவில்லை, பறந்து வந்தது. அக்காவுக்கு உலகத்தில் ஆகாத ஒரே ஜீவன் பறக்கிற கரப்பான். அது அவள் தலைமுடியை உரசிக்கொண்டு போய் அந்தச் சுவரிலேயே, என் பென்சில் கோடுகளுக்கெல்லாம் மேலே உட்கார்ந்து மீசையை ஆட்டியது.

நான் துடைப்பம் எடுக்கத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு மூச்சு. பிறகு—

டப்!

முப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் எனக்கு அது தெரிஞ்சுது. திரும்பறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அக்கா வலது கையில் செருப்போடு நின்றிருந்தாள். கை தலைக்கு மேலே. கரப்பான் சட்னி.

இரண்டு பேரும் கையையே பார்த்தோம். அவள் அதை இறக்கவில்லை. இறக்கினால் பொய்யாகிவிடும் என்பது போல.

"அக்கா..."

"வலிக்குதுடி" என்றாள். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. "உயிர் போற மாதிரி வலிக்குது. சீக்கிரம் கோட்டைப் போடு!"

எனக்கு எட்டவில்லை. நாற்காலி போட்டு ஏறித்தான் போட்டேன்.

மே 20, திங்கள்

பிசியோ சுவரைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீங்க? ஏதாவது விலகியிருந்தா?" பிறகு தோளை அழுத்திப் பார்த்து, மெல்ல உயர்த்திப் பார்த்து, "ம்" என்றாள். வீக்கத்துக்கு ஐஸ் வைக்கச் சொன்னாள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து கறையை போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா தானாகவே சுவரிடம் போனாள். குதிகால் தரையில்.

ஜூன் 14, வெள்ளி

டிக்கெட் ரத்து. மகனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். தீயாய் வேலை செய்கிற அம்மாவை வைத்துக்கொண்டு அவனும்தான் என்ன செய்வான்? கடைக்கு வரும் பெண்களிடம் "நாலு மாசத்துல யாருடி உன் தலையை இப்படிக் கொதறினது?" என்று அக்கா திட்டுகிறாளாம். தன் வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். பார்லரில் பாதி நாள்தான், நடுநடுவே ஐஸ் பை.

மதியம் போன் செய்து வாசித்தேன்: 'பின்னாலிருந்து பாய்ந்து, பந்தை அதன் உச்சியிலேயே எட்டி, எதிராளி எடுக்க வழியில்லாமல் இறக்கி அடித்தல்.'

"ஸ்மாஷ்" என்றாள் உடனே. "கொஞ்சம் நீளம். பரவால்ல. வை, ஆள் காத்திருக்கு."

அரைப்புள்ளி 'பின்னாலிருந்து' என்பதை அடித்துவிட்டார். யாரும் எங்கிருந்தும் அடிக்கலாமாம். நியாயம்தான். நான் சண்டை போடவில்லை.

வீடு கப்சிப் என்றிருக்கிறது. ஜன்னலைச் சாத்தவில்லை. சுவரில் அந்தக் கறையைத் துடைக்க மனம் வரவில்லை. சற்று முன் அதன் எதிரே போய் நின்று கையை உயர்த்திப் பார்த்தேன். குதிகாலைத் தூக்கியும் எனக்கு எட்டவில்லை.